99 சதவீதம் சரி என்றால், மீதி யார்?

இந்த வாரம் கொஞ்சம் காரமாகத்தான் எழுதப்போகிறேன். படிக்கிறவர்களில் இளைஞர்கள் யாராவது இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் வயதுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் நல்லது. இந்த விஷயத்தில் நாம் இத்தனை நாள் கோபப்படாமல் தலையாட்டிக்கொண்டே இருந்ததால்தான் நிலைமை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

விஷயம், செல்போன் ஆப். செயலி என்று அழகாகத் தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். செயல்பட்டால்தானே செயலி?

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப் செய்கிறவர்கள் அதை வெளியிடுவதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விஷயங்களை அளந்து பார்க்கிறார்கள். ஆனால் அதைத் திறந்த மனிதர் வந்த வேலையை முடித்துக்கொண்டு போனாரா என்பதை, பொதுமக்களுக்கான ஆப்களில், அளப்பதில்லை. அளந்தாலும் நமக்குச் சொல்வதில்லை. அந்தக் கணக்கை வெளியில் வைக்காமலேயே ‘இனி எல்லாம் ஆப்பில்தான்’ என்று கவுண்டர்களை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். இதை நாம் ஏற்கக்கூடாது.

அவர்கள் எதை அளக்கிறார்கள் என்று பார்ப்போம். என் அக்காவின் பேத்தி சென்னையில் ஒரு கம்பெனியில் ஆப்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். டெஸ்டிங் என்கிறார்கள். பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒரு பிற்பகல் முழுக்க அவளை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டேன். பாவம், அலுக்காமல் சொன்னாள். அவள் சொன்னதையும், பிறகு நானே படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

ஒரு ஆப் பட்டென்று தானாக மூடிக்கொண்டால் அதற்கு க்ராஷ் என்று பெயர். மூடாமல், நாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் 5 விநாடி அசையாமல் நின்றால் அது இன்னொரு கோளாறு. ‘ஆப் பதிலளிக்கவில்லை’ என்று திரையில் ஒரு பெட்டி வருமே, அது. ஆண்ட்ராய்டு போன்களில் இந்த இரண்டையும் கூகுள் கணக்கெடுத்து, ஆப் செய்தவருக்குக் காட்டுகிறது. ஒரு நாளில் பயன்படுத்துகிறவர்களில் 1.09 சதவீதம் பேருக்கு மேல் க்ராஷ் வந்தாலோ, 0.47 சதவீதம் பேருக்கு மேல் அப்படி உறைந்து நின்றாலோ அது மோசமான நடத்தை. அந்த ஆப் ப்ளே ஸ்டோரில் கண்ணில் படுவதைக் கூகுள் குறைத்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட மாடல் போனில் மட்டும் 8 சதவீதத்தைத் தாண்டினால், அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் போடலாம்.

வெளியிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. புதிய பதிப்பை ஒரே நாளில் எல்லார் தலையிலும் இறக்க வேண்டியதில்லை. ஆப்பிள் போன்களில், ஆப் செய்தவர் விரும்பினால், தானாக வரும் அப்டேட்டை 7 நாளில் படிப்படியாக விடலாம். முதல் நாள் 1 சதவீதம், பிறகு 2, 5, 10, 20, 50, ஏழாம் நாள் 100. நடுவில் கோளாறு தெரிந்தால் நிறுத்திவைக்கலாம். ஆண்ட்ராய்டிலும் இத்தனை சதவீதம் பேருக்கு என்று செய்தவரே குறித்து, பார்த்துப் பார்த்துக் கூட்டலாம். ஆனால் ஒன்று. ஏற்கனவே போய்ச் சேர்ந்ததைத் திரும்பப் பெற முடியாது. பழுது நீக்கிய அடுத்த பதிப்பை அனுப்பத்தான் வேண்டும். அதுவரை வாங்கிக்கொண்டவர் பாடு அவர் பாடு.

இவ்வளவு ஏற்பாடு இருக்கிறதா என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். எனக்கும் இருந்தது. ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. பதம் பார்க்க ஒரு சோறு எடுக்கிறார்களே, அதுபோல நல்ல வழக்கம்தான். எந்தச் சோற்றை எடுத்து அமுக்கிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

சதவீதக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் ஆப் 99 சதவீதம் பேருக்குத் தடையில்லாமல் ஓடுகிறது’ என்று ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினால் எல்லாரும் கை தட்டுவார்கள். நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 12.5 லட்சம். அதில் 1 சதவீதம் என்றால் 12,500 பேர். ஆளுக்கு அரை மீட்டர் என்று கடற்கரை காந்தி சிலையிலிருந்து வரிசையில் நிறுத்தினால் 6 கிலோமீட்டர் தாண்டிப் போகும். ஓர் அலுவலக வாசலில் அப்படி ஒரு வரிசை நின்றால் மறுநாள் பேப்பரில் படம் வரும், மந்திரி வருவார். ஆப்பில் நிற்கிற வரிசை யார் கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், அவரவர் கட்டிலில் உட்கார்ந்து தனித்தனியாக நிற்கிறார்கள்.

இதாவது க்ராஷ் ஆனவர்கள் கணக்கு. ஆப் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்க, மனிதர் மட்டும் தோற்றுப்போவது இதைவிட மோசம். அது எந்தக் கணக்கிலும் வராது.

எங்கள் தெருவில் ஒரு நண்பர். ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 78. அவர் வழக்கமாகப் பயன்படுத்துகிற ஒரு சேவை ஆப், பெயர் வேண்டாம், ஒரு காலையில் ‘புதிய பதிப்புக்கு மாறினால்தான் தொடரலாம்’ என்று சொல்லிவிட்டது. மாறினார். மாறியதும் பிறந்த தேதி கேட்டது. முன்பெல்லாம் எண்களைத் தட்டினால் போதும். இப்போது ஒரு காலண்டர் விரிந்தது, நடப்பு மாதத்தைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஒரு தட்டுக்கு ஒரு மாதம் பின்னால் போகும். அவர் பிறந்தது 1947-ல். 78 வருஷம், வருஷத்துக்கு 12 மாதம், 936 தட்டு. மேலே இருக்கும் வருஷத்தின் மீது விரலை வைத்தால் வருஷப் பட்டியல் திறக்கும் என்பது அந்தத் திரையில் எங்கும் எழுதியில்லை. மனிதர் 1990 வரைக்கும் போயிருக்கிறார். அதற்குள் ‘நேரம் முடிந்தது, மறுபடி நுழையவும்’ என்று வெளியே தள்ளிவிட்டது. மூன்று முறை முயன்றுவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “முசே, எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சுன்னு நினைக்கிறேன்,” என்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்ன வார்த்தை இது.

இந்தக் காலையை ஆப் செய்தவர்களின் பலகையில் பார்த்தால் எப்படித் தெரியும் என்று பேத்தியிடம் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. “க்ராஷ் இல்ல தாத்தா. ஃப்ரீஸும் ஆகல. அதனால சிவப்பு விளக்கு எதுவும் எரியாது. மூணு தடவ உள்ள வந்திருக்கார், அரைமணி நேரம் இருந்திருக்கார். அத நல்ல ஈடுபாடுன்னுகூட சில பேர் எடுத்துப்பாங்க,” என்றாள்.

ஈடுபாடாம்! கிணற்றில் விழுந்தவன் அரைமணி நேரம் கை காலை அடித்துக்கொண்டால், நீச்சலில் ஆர்வமுள்ளவன் என்று எழுதிக்கொள்வார்களா?

இதுபோல் சத்தமில்லாமல் நடக்கிற தோல்விகள் நிறைய. நம்மில் பலர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். எழுத்து பெரிதானதும் கீழே இருக்கிற ‘சமர்ப்பி’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது. சில ஆப்களில் திரையை நகர்த்தவும் முடியாது. தமிழில் வைத்தால் சொற்கள் நீளம் என்பதால் பாதி எழுத்து வெட்டுப்பட்டு ‘சமர்…’ என்று நிற்கிறது. ஓ.டி.பி. ஒரு திரையில் வருகிறது, அதைப் பார்க்கப் போய்த் திரும்பினால் ஆப் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பழைய போனாக இருந்தால் ‘உங்கள் சாதனம் பொருந்தாது’ என்று ஒரே வரியில் கதை முடிந்தது. இவை எதிலும் ஆப் தடுக்கி விழவில்லை. நாம்தான் விழுந்தோம்.

இதையெல்லாம் அளக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாமான் விற்கிற ஆப்களைப் பாருங்கள். ஒருவர் கூடையில் ஒரு சட்டையைப் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போனால், எந்தத் திரையில் மனம் மாறினார் என்பதுவரை அவர்களிடம் கணக்கு இருக்கிறது. ‘உங்கள் சட்டை காத்திருக்கிறது’ என்று செய்தியும் அனுப்புகிறார்கள். நூறு பேர் ஆரம்பித்து எத்தனை பேர் முடித்தார்கள், மற்றவர்கள் எந்தப் படியில் நின்றுபோனார்கள் என்று பார்ப்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. சட்டை விற்காமல் போனால் அவர்களுக்கு நஷ்டம், அதனால் அளக்கிறார்கள். நமக்குப் பென்ஷன் நின்றால் நஷ்டம் நமக்கு.

பரிசோதிக்காமல் வெளியிடுவதும், வெளியிட்டபின் கவனிக்காமல் இருப்பதும் நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 3-ம் தேதி ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தல் நடந்தது. சுமார் 1,700 இடங்களிலிருந்து முடிவை அனுப்புவதற்கென்று சில மாத அவகாசத்தில் அவசரமாக ஒரு ஆப் செய்தார்கள். மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்று சரியாகப் பரிசோதிக்கவில்லை. அன்றிரவு பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை; நுழைந்தவர்கள் அனுப்பிய எண்களிலும் ஒரு பகுதிதான் மறுமுனையில் வந்தது. போனில் சொல்லலாம் என்று கூப்பிட்டவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. முடிவு வர நாட்கள் ஆயின. கடைசியில் அந்தத் தேர்தலைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? ஒவ்வோர் இடத்திலும் காகிதத்தில் எழுதி வைத்திருந்த பதிவு.

அதற்கு முன்பு 2013 அக்டோபர் 1-ல் அதே நாட்டு அரசாங்கம் மருத்துவக் காப்பீட்டுக்கு ஓர் இணையதளம் திறந்தது. முதல் நாள் முழுக்க முயன்று பதிந்து முடித்தவர்கள் 6 பேர். பிறகு பழுது பார்க்க வந்த குழு உள்ளே போய்ப் பார்த்தால், தளம் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஒழுங்கான கண்காணிப்புப் பலகையே இல்லை. முதலில் அதைத்தான் அமைத்தார்கள். காய்ச்சல் எவ்வளவு என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியுமா?

2024 ஜூலை 19-ம் தேதி நினைவிருக்கும். ஒரு பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி, க்ரவுட்ஸ்ட்ரைக், ஒரு சிறிய கோப்பைப் படிப்படியாக விடாமல் ஒரே மூச்சில் உலகம் முழுக்க அனுப்பியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 1 சதவீதம் பேருக்கு அனுப்பி ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். அந்தக் கம்பெனியும் அதற்குப் பிறகுதான், இனி இந்தக் கோப்புகளைப் படிப்படியாக விடுவோம் என்று அறிவித்தது.

இப்போது ஒரு குமாஸ்தாவின் கேள்வியைக் கேட்கிறேன். சர்க்கார் வேலையில் இருந்தவர்களுக்கு எம்.புக் தெரியும். பொதுப்பணித் துறையில் ஒரு சிறு வாய்க்கால் கட்டினாலும், இளநிலைப் பொறியாளர் நேரில் போய் அளந்து, நீளம் அகலம் ஆழம் எல்லாம் அந்த அளவைப் புத்தகத்தில் எழுத வேண்டும். மேலே உள்ளவர் போய் மறு அளவு எடுத்துக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் பில். பில் கொடுத்த பிறகும் ஒரு தொகையைப் பிடித்து வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் விரிசல் விட்டால் காண்டிராக்டர் தன் செலவில் சரிசெய்தால்தான் அந்தப் பணம் அவருக்குத் திரும்பும். இத்தனையையும் மீறி ஊழல் நடந்தது வேறு கதை. ஆனால் அளவு என்று ஒன்று இருந்தது, அளந்தவர் பெயர் இருந்தது, அதை யாரும் எடுத்துப் பார்க்க முடிந்தது.

பொதுமக்களுக்கான ஒரு ஆப்புக்கு எம்.புக் எங்கே இருக்கிறது? யார் அளந்தார்? எந்தப் போனில், எந்த மொழியில், எத்தனை வயதுக்காரர் கையில் கொடுத்து அளந்தார்?

நான் படித்த பிரெஞ்சில் ‘ரெசெத்’ என்று ஒரு சொல் உண்டு. சமையல் குறிப்புக்கும் அதுதான் பெயர், வரவுக் கணக்குக்கும் அதுதான் பெயர். கம்ப்யூட்டர் துறையில் அதே சொல்லை வேறொன்றுக்கு வைத்திருக்கிறார்கள். செய்துகொடுத்த மென்பொருளை, செய்தவர் அல்லாமல், அதை வாங்கிக்கொள்கிறவர் ஓட்டிப் பார்த்து, குறைகளைப் பட்டியல் போட்டு, ஒப்புக்கொண்டேன் என்று கையெழுத்திடுவது. சமைத்தவனே ருசி பார்த்துவிட்டு ‘பேஷ்’ என்று சொல்லிக்கொண்டால் போதாது, சாப்பிடுகிறவன் சொல்ல வேண்டும் என்பதுதான் சாரம். நம் விஷயத்தில் சாப்பிடுகிறவர்கள் நாம். நம்மை யார் கேட்டார்கள்?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

‘ஆப்பால் நன்மையே இல்லையா?’ உண்டு. 2014 நவம்பர் 10-ல் ஜீவன் பிரமாண் வந்தது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்று கொடுக்கும் வசதியும் வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகும் கொடுமை பல வீடுகளில் ஒழிந்தது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம் ஊர் சொல்தா குடும்பங்களுக்கு இந்தச் சான்றின் அருமை நன்றாகவே தெரியும். ‘செர்த்திஃபிகா த வீ’ போய்ச் சேராவிட்டால் பணம் நிற்கும். ஆனால் ஜீவன் பிரமாணில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முகம் சரியாக விழவில்லையென்றால் விரல் ரேகை உண்டு, வீட்டுக்கு வரும் தபால்காரர் உண்டு, வங்கிக்குப் போய்க் காகிதத்தில் கையெழுத்திடவும் வழி உண்டு. ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு. நான் கேட்பது அதைத்தான், எல்லாச் சேவையிலும்.

‘பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்களேன்?’ இதைச் சொல்கிற அதே வாயால்தான் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாதீர்கள் என்கிறார்கள். தானாகச் செய்ய முடியாதபடி ஆப்பைச் செய்துவிட்டு, அடுத்தவரிடம் போனைக் கொடுக்காதே என்றால் என்ன அர்த்தம்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பக்கத்துக் கடைப் பையனிடம் போனை நீட்டுகிறோம். மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஆப் புரியாதவரிடம் ‘நான் உதவுகிறேன் ஐயா’ என்று போன் செய்வதுதான் அவன் முதல் வேலை.

‘பிழையே இல்லாத மென்பொருள் உண்டா?’ இல்லை. அதனால்தான் 1 சதவீதத்தில் ஆரம்பிக்கச் சொல்கிறோம், அதனால்தான் கவனிக்கச் சொல்கிறோம். பிழை வரும் என்று தெரிந்திருந்தும், கடைசித் தேதி நெருங்குகிற வாரத்தில் புதிய பதிப்பை எல்லாருக்கும் கட்டாயமாக்குவது பிழையில் சேராது, அலட்சியத்தில் சேரும். பெரிய விற்பனைக் கம்பெனிகள் பண்டிகைக் கால விற்பனைக்கு முன் எதையும் மாற்றாமல் உறையவைத்து விடுவார்களாம். தீபாவளிச் சட்டைக்கு இருக்கிற மரியாதை நவம்பர் மாதப் பென்ஷன்தாரருக்கு இருக்கக்கூடாதா?

‘டெஸ்டிங் செய்கிற பிள்ளைகளைத் திட்டாதீர்கள்’ என்பது பேத்தியின் வாதம். இதில் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெளியிடும் தேதியை மேலே யாரோ விழாவுக்காக முடிவு செய்துவிடுகிறார்களாம். எழுதுவதில் தாமதமானால் பரிசோதனைக்கு வைத்த நாட்களைத்தான் வெட்டுவார்களாம். மேஜையில் இருப்பது புதிய போன், வேகமான வைஃபை, இருபத்தைந்து வயதுக் கண். ஆகவே என் கோபம் அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை. எத்தனை லட்சம் பேர் பதிவிறக்கினார்கள் என்று மேடையில் வாசிப்பவர்கள் மேல். பதிவிறக்குவது விண்ணப்பப் படிவம் வாங்குவது மாதிரி. எத்தனை படிவம் விநியோகித்தோம் என்று எந்தக் குமாஸ்தாவாவது சாதனையாக எழுதினால், எத்தனை மனு பைசல் ஆனது என்று சூப்பரிண்டெண்ட் கேட்டிருப்பார்.

இது வெறும் வசதி பற்றிய புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள், கண் சிமிட்டினால்தான் ‘உயிரோடு இருக்கிறார்’ என்று ஒப்புக்கொள்ளும் அடையாளச் சரிபார்ப்பு முறைக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார்கள். கண் சிமிட்ட முடியாதவர்கள் அவர்கள். 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் உள்ள வாழும் உரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். கண் சிமிட்டுவதைக் கட்டாயமாக்காத மாற்று வழிகள் வேண்டும் என்றது. ஆப்களையும் தளங்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அணுகல் தணிக்கை செய்யச் சொன்னதோடு, பயனாளர் பரிசோதனைக் கட்டத்தில் பார்வையற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. சாப்பிடுகிறவனைக் கேள் என்பதை நாட்டின் மிகப்பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டது. நம் கோரிக்கைக்கு இதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் கிடைக்காது.

என் கோரிக்கைகள் இவை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு மனுவாக எழுதலாம்.

1. பொதுச் சேவைக்கான எந்த ஆப்பும், எந்தப் புதிய பதிப்பும் படிப்படியாகத்தான் வர வேண்டும். கடைசித் தேதி உள்ள மாதத்தில் கட்டாய அப்டேட் கூடாது.

2. வெளியிடும் முன், 70 வயது தாண்டியவர்கள் சிலரிடம், அவர்களுடைய பழைய போனிலேயே, பெரிய எழுத்தில், தமிழில், பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்யவைத்துப் பார்க்க வேண்டும்.

3. ஆரம்பித்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், எந்தத் திரையில் நின்றுபோனார்கள் என்ற கணக்கை வயதுவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். பென்ஷன் ஆப்பில் எல்லாருடைய பிறந்த தேதியும் இருக்கிறது. தனியாக யாரையும் கேட்க வேண்டியதில்லை. யார் பெயரும் வெளியே வர வேண்டாம், எண்ணிக்கை போதும். போன் மாடல்வாரியாகக் கூகுள் பார்க்கும்போது, மனிதர்வாரியாகப் பார்க்க முடியாதா?

4. அந்தக் கணக்கு திருப்தியாக வரும்வரை கவுண்டரை மூடக்கூடாது. வந்த பிறகும், முடியாதவருக்கென்று ஒரு மேஜையும் ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

இதற்கு நாம் செய்யக்கூடியது என்ன? புலம்புவதை நிறுத்திவிட்டு எழுதிவைப்பது. ஆப் தகராறு செய்தால் தேதி, நேரம், போன் மாடல், எந்தத் திரை, என்ன வாசகம் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். முடிந்தால் திரையைப் படமெடுத்து வையுங்கள். பத்துப் பேர் நோட்டைச் சேர்த்தால் அதுவே ஓர் எம்.புக். ப்ளே ஸ்டோரில் நட்சத்திரம் போடுகிற இடத்தில் இதைச் சுருக்கமாக எழுதுங்கள். அங்கே நம் வயதுக்காரர்கள் எழுதுவது குறைவு என்பதால் நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அரசுத் துறையின் ஆப் என்றால் 2005-ம் வருஷத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். கேள்விகளும் எளியவை. இந்த ஆப் வெளியிடும் முன் பரிசோதித்த அறிக்கையின் நகல் கொடுங்கள். கடந்த 12 மாதத்தில் ஆரம்பித்த விண்ணப்பங்கள் எத்தனை, முடிந்தவை எத்தனை? ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட அதிகாரியின் பதவி என்ன? ‘அத்தகைய பதிவேடு பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் கலங்க வேண்டாம். அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த மனுவை எழுத வேண்டும்.

என் ஆசிரிய நண்பருக்கு மட்டும் ஒரு வார்த்தை. மூளை மழுங்கியது உங்களுக்கு இல்லை, ஐயா. 1947-ல் பிறந்தவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதை மறந்து ஒரு காலண்டரைச் செய்து, அதையும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விட்டவர்களுக்குத்தான். கேள்வி மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், இரண்டாவது என்னுடையது. மற்றவர்கள் கீழே பின்னூட்டத்தில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ஆப்பின் பெயரைவிட, எந்தத் திரையில் நின்றீர்கள் என்பதுதான் முக்கியம்.